மாம்பூவில் கட்டிய சம்பளம்

பள்ளி இறுதித் தேர்வில் நான் தேறிய செய்தி வந்த அன்று அப்பா கிணற்று மேட்டில் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். மாடுகளை நிறுத்தாமலே, "அப்புறம்?" என்றார்.

"பெங்களூர்ல பொம்பளப் பிள்ளைங்களுக்குன்னே காலேஜ் இருக்குதாம்ப்பா. எங்க டீச்சரம்மா சொன்னாங்க."

மாடுகள் பின்னால் நடந்தன, தோல்பை கிணற்றுக்குள் இறங்கியது. மாடுகள் முன்னால் நடந்தன, தண்ணீர் வாய்க்காலில் கொட்டியது. நான் வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு நின்றேன். அன்று எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தையே அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் பெரிய ரோட்டுக்குத் தெற்கே, சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் நிலம். மேட்டில் ராகியும் கொள்ளும். சரிவில் நாற்பது சொச்சம் மாமரங்கள். செந்தூரா, நீலம், கிளிமூக்கு, மூலையில் இரண்டு மல்கோவா. நான் ஒரே பிள்ளை. எனக்கு மாப்பிள்ளை தேட வேண்டிய வயதில் என்னைக் காலேஜுக்கு அனுப்ப அப்பா ஏன் ஒத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டேன், அவர் செய்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

காலேஜில் சேர இடம் கிடைத்தது. சம்பளம் கட்டத்தான் வழியில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு, தாலுகா ஆபீசில் வருமானச் சான்றிதழ் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குமாஸ்தா எங்கள் நிலத்தின் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாந்தோப்பு இருக்குதே. தோப்பு வெச்சிருக்கறவருக்கு எதுக்குங்க சலுகை?"

"தோப்பு இருக்குதுங்க. கையில காசு இல்லீங்க."

"அதுவும் இல்லாம, பொண்ணு படிக்கப் போறது மைசூர் ராஜ்யத்துல. நம்ம ராஜ்யத்துப் பணத்த அங்க எப்படிங்க குடுக்கறது?"

அடுத்த வாரம் பெங்களூருக்குப் போய்க் காலேஜ் ஆபீசிலும் கேட்டோம். அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினார், கன்னடத்தில். நீங்கள் மதராஸ் ராஜ்யத்துக்காரர்கள், இங்கே உள்ள உதவித்தொகை இங்கத்துப் பிள்ளைகளுக்கு என்றார். சந்தைக் கன்னடத்தில் அப்பா ஏதோ சொல்லிப் பார்த்தார். அவர் கையை விரித்தார்.

திரும்பி வரும்போது எல்லையில் அத்திபெலேயில் பஸ் நின்றது. ஒரு பக்கம் கன்னடப் பலகை, கொஞ்ச தூரம் தள்ளித் தமிழ்ப் பலகை. நடுவில் ஒரு எருமை படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அப்பா ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிய பிறகு, "தோப்பு இருக்குதுன்னுதானே இல்லேன்னாங்க," என்றார். "தோப்பே கட்டட்டும்."

கிருஷ்ணகிரி மாங்காய் வியாபாரி ஒருவர் வருஷா வருஷம் எங்கள் தோப்பைக் குத்தகைக்கு எடுப்பார். முப்பது வயது இருக்கும். அப்பா அவரைப் பாய் என்பார், நான் மாமா என்பேன். தை மாசம் பூ வைத்த பிறகு வந்து, பூவைப் பார்த்து விலை பேசுவதுதான் வழக்கம். அந்த வருஷம் ஆனி மாசத்திலேயே அப்பா அவருக்கு ஆள் அனுப்பினார். கடைசிக் காயும் இறக்கியாகி, மரங்கள் வெறும் இலையாக நின்ற நேரம்.

"பூவே இல்லாம எப்படிண்ணே வெல சொல்றது?" என்றார் வியாபாரி.

"மரத்தப் பாத்துச் சொல்லு பாய். உங்க அத்தா காலத்துல இருந்து நீங்க பாத்த மரம்."

"எத்தன பூ?"

"ரெண்டு. வர்ற தை ஒண்ணு, அதுக்கடுத்த தை ஒண்ணு. இந்த ஆனியில ஒரு பூவுக்குப் பணம் குடு. அடுத்த ஆனியில இன்னொண்ணுக்கு."

"எதுக்குண்ணே இத்தன அவசரம்?"

அப்பா என்னைக் காட்டினார். வியாபாரி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தோப்புக்குள் நடந்தார். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று உள்ளங்கையை அடிமரத்தில் வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. நான் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன். இலைகளுக்கு நடுவே வெயில் சல்லடையாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கும் கிளைகளையெல்லாம் நானும் பார்த்தேன். அங்கே இல்லாத பூ என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. கொத்துக் கொத்தாக, மஞ்சளும் சிவப்புமாக, தேனீ இரைச்சலோடு. நாற்பது மரமும் பூத்து நிற்கிற மாதிரி இருந்தது.

பேசி முடித்துப் பணமும் கைமாறியது. அன்று சாப்பிடும்போது அப்பா, "ரெண்டு வருசத்துக்குத் தோப்பு பாய்து. ஒரு பிஞ்சுகூட நம்மது இல்ல," என்றார்.

"ஊறுகாய்க்கு?" என்று கேட்டாள் அம்மா.

"சந்தையில வாங்கு."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபமாகச் சிரித்தாளா, சும்மா சிரித்தாளா என்று எனக்குப் புரியவில்லை.

இண்டர்மீடியட் படிப்பு இரண்டு வருஷம். அந்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது குளிர்தான். ஹாஸ்டலில் கல் தரை, உயரமான ஜன்னல்கள். பாடம் எல்லாம் இங்கிலீஷ். முதல் சில மாதங்கள் நான் ஒரு தொட்டிக்குள் மூழ்கி உட்கார்ந்திருப்பதுபோலவும், மேலே யாரோ பேசுவதுபோலவும் இருக்கும். சில சொற்கள் தெளிவாக விழும், மற்றவை நீரோடு போகும். கூடப் படித்த பெண்கள் கன்னடம் பேசினார்கள், எனக்கு அது சந்தையில் பழகிய பாஷை. அடுத்த கட்டிலில் இருந்தவள் தெலுங்கு பேசினாள், அதுவும் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாஷைதான். ஆகவே துணைக்குக் குறைவில்லை. ஆனாலும் எதிலும் முழுக்க நான் இல்லை. ஏதாவது ஒரு வகுப்பின் நடுவே தோப்புச் சரிவு வந்து நிற்கும், பலகையில் எழுதியது மறைந்துபோகும்.

அப்பா போஸ்ட் கார்டு போடுவார். அவருக்கு எழுதவும் படிக்கவும் தெரியும், ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் உழுவதுபோல எழுதுவார். மார்கழியில் ஒரு கார்டு வந்தது. "மரம் எல்லாம் மொட்டு. அம்மா சுகம்." தை பிறந்து இன்னொன்று. "பூ நன்றாக வந்திருக்கிறது. வாசலில் நின்றாலே மணம்."

அந்தக் கார்டை நான் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் தாவரவியல் ஆசிரியை காலேஜ் வளாகத்து மரத்திலிருந்து ஒரு மாம்பூங்கொத்தை ஒடித்து வந்து மேஜைமேல் வைத்தார். ஒவ்வொரு வரிசையாகக் கை மாறி வந்தது. மற்றவர்கள் இதழை எண்ணினார்கள், சாமணத்தால் பிரித்தார்கள். என் கைக்கு வந்ததும் நான் முகத்துக்கு அருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான் தெரியும். பின்னால் இருந்தவள் முதுகில் தட்டியபோது ஆசிரியை வேறு எதையோ நடத்திக்கொண்டிருந்தார். என் மூக்கு நுனியில் மகரந்தம் ஒட்டியிருந்ததாகச் சொல்லிச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு மூடுபனி வந்தது. ஒரு காலையில் ஹாஸ்டல் கதவைத் திறந்தால் எதிரே மைதானம் இல்லை. மரங்கள் இல்லை. வெள்ளையாக ஒன்று அசையாமல் நின்றது. பெண்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு அதற்குள் ஓடினார்கள். பத்தடி போனதும் ஆள் மறைந்து சிரிப்பு மட்டும் கேட்கும். அடுத்த கட்டில்காரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் கையும் தெரியவில்லை, பிடி மட்டும் இருந்தது. எங்கேயோ ஒருத்தி கன்னடத்தில் "ஸ்வர்கா, ஸ்வர்கா" என்று கூவினாள். எனக்கும் சொர்க்கம் மாதிரிதான் இருந்தது. இவ்வளவு அழகை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்படி நிற்கும்போதே தோப்பு நினைவுக்கு வந்தது. நாற்பது மைல் தள்ளி எங்கள் சரிவிலும் இதே பனி இறங்கியிருக்குமா? பூ நனைந்து நின்றால் கருகும். கருகினால் கொட்டும். ஒவ்வொரு நாளும் பனி கலைகிறதா என்று பார்த்தேன். மூன்று நாள் கலையவில்லை.

கார்டு வந்தது. "பனியால் பூ கருகிப் பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. நீ படி."

கோடை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது தோப்பில் ஒரு ஓலைக் குடிசை போட்டிருந்தார்கள். காவலுக்கு வியாபாரியின் மனைவியே கைக்குழந்தையோடு வந்து தங்கியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். குழந்தையை நீலம் மாமரக் கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, கையில் ஒரு கழியோடு குரங்கு விரட்டிக்கொண்டு திரிவார். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பாப்பா என்றார்.

"உங்களுக்கு நட்டமாயிருச்சாக்கா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"ஆமா. அதுக்கு நீ என்னா பண்ணுவே? இருக்கற காய் தங்குனாப் போதும்."

தங்கவில்லை. சித்திரை முடிகிற சமயம் ஒரு பிற்பகல் மேற்கே வானம் செம்மண் நிறமாகியது. காற்று வந்தது. நானும் அக்காவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடினோம். அரை மணி நேரம் தோப்பு முழுவதும் கல் விழுவதுபோலக் காய் விழுந்தது. நாலே நாலு பெரிய தூறல், பிறகு வெயில். போய்ப் பார்த்தால் தரையெல்லாம் பச்சை. முற்றாத காய்கள், இலைகளோடும் கிளைகளோடும். மரத்தில் அங்கொன்றும் இங்கொன்றும் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வியாபாரி வந்தார். தோப்புக்குள் போகாமல் ஓரத்திலேயே குந்தித் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா அவர் பக்கத்தில் போய் நின்றார்.

அக்காதான் பேசினார். "ஒக்காந்திருந்தா ஆச்சா? கீழ கெடக்கறதும் மாங்காதானே. நாலு மூட்ட உப்பு வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு?"

"அரிஞ்சு காய வெக்கலாம். பெங்களூர்ல ஓட்டல்காரங்க வத்தலுக்கு அலையறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

எங்கள் நிலத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை உண்டு, யானை படுத்தது மாதிரி வழவழவென்று. அங்கே கொண்டுபோய்க் கொட்டினோம். அக்கா, நான், அம்மா மூன்று பேரும் அரிவாள்மணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பன்னிரண்டு நாளோ பதினைந்து நாளோ, சரியாக ஞாபகம் இல்லை. அந்த நாட்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட பகலாக மனதில் கிடக்கின்றன. அரிந்து, உப்புப் புரட்டி, பாறைமேல் ஒவ்வொரு துண்டாகப் பரப்புவோம். காலையில் வெளிர்ப் பச்சையாக இருக்கும். மதியத்துக்குள் ஓரம் சுருளும். பாறை முழுக்க ஆயிரக்கணக்கான சின்னக் காதுகளைப் பரப்பியதுபோல இருக்கும். மாங்காய்ப் பால் பட்டு விரல் புண்ணாகி, பிறகு கருப்பாகி, தோல் உரிந்தது.

மதியத்தில் அம்மா சமைக்கப் போய்விடுவாள். நானும் அக்காவும் பாறையின் நிழல் பக்கத்தில் உட்கார்ந்து காக்கை விரட்டுவோம். படிக்க வேண்டிய இங்கிலீஷ் புத்தகத்தை நான் மடியில் வைத்திருப்பேன்.

"சத்தமாப் படி பாப்பா," என்பார் அக்கா.

"உங்களுக்குப் புரியாதேக்கா. அர்த்தம் சொல்லட்டா?"

"அர்த்தம் வேணாம். தகரத்து மேல தூத்தல் விழுவற மாதிரி இருக்குது. சும்மா படி."

படிப்பேன். அனல் பாறையிலிருந்து எழும்பி எதிரில் இருக்கும் மலையை ஆட்டும். புளிப்பும் உப்பும் கலந்த வாடை. தூளியில் குழந்தை தூங்கும். நான் என்ன படிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நான் பெங்களூரில் இருக்கிறேனா, இந்தப் பாறைமேல் இருக்கிறேனா, இரண்டும் ஒரே இடம்தானா என்று தோன்றும். அக்கா சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். காக்கை வந்தால் மட்டும் கண்ணைத் திறக்காமலே கழியை வீசுவார். ஒரு தடவைகூடத் தவறாது.

ஆனி வந்தது. வியாபாரி பணத்தோடு வந்தார், பேசியதில் பாதி.

"இவ்வளவுதாண்ணே முடிஞ்சுது," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்பா வாங்க மறுத்தார். "இந்த வருசம் நீ எடுத்தது என்னா பாய்? ஒண்ணுமில்ல. அடுத்த பூவ சும்மா எடுத்துக்க. பொண்ணு ஒரு வருசம் படிச்சது போதும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். காதில் வேறு சத்தம் எதுவும் விழவில்லை. ஒரு வருஷம் போதும் என்றது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

அதுவரை அப்பாவோடு நேராகப் பேசியிராத அக்கா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "பேசுன பேச்ச மாத்தாதீங்கண்ணே. பூ வராமப் போறதும் சேத்துத்தான் எடுத்தது. மீதிப் பாதி வத்தல்ல இருக்குது."

"வத்தல் உங்களுது."

"காய் எங்களுது. அரிஞ்சது பாப்பாவும் அண்ணியும். அவங்க கூலிய நான் குடுத்தாகணுமில்ல? அது எங்களுக்குள்ள இருக்கற பேச்சு. தோப்புக்காரரு இதுல வர வேணாம்."

அம்மா சமையலறையிலிருந்து, "அவங்க சொல்றது சரிதான்," என்றாள். எனக்குத் தெரிந்து அப்பாவை எதிர்த்து அம்மா சொன்ன முதல் வார்த்தை அது. அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். வியாபாரி பணத்தை அம்மாவிடம் கொடுத்தார்.

வற்றல் மூட்டைகளை நான் போன பஸ்ஸின் மேலேயே ஏற்றினார்கள். வியாபாரியும் கூட வந்தார். வழி முழுக்க அந்த வாடை. மூக்கண்டப்பள்ளியில் ஏறிய ஒருவர், "யாருய்யா ஊறுகா கொண்டாறது?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. பெங்களூரில் என்னை மெஜஸ்டிக் பக்கம் ஒரு குதிரை வண்டியில் ஏற்றிவிட்டு அவர் மார்க்கெட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் காலேஜ் கேட்டுக்கு வெளியே அவர் நிற்பதாகக் காவல்காரர் வந்து சொன்னார். போனேன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கேட்டுக் கம்பிகளின் இடைவெளி வழியே கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இதுவா?"

"ஆமாம் மாமா."

"பெருசாத்தான் இருக்குது." கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததை என் கையில் கொடுத்தார். "நல்ல வெலைக்குப் போச்சு. உங்கக்கா எண்ணி வாங்கிக்கச் சொன்னா."

நான் எண்ணவில்லை. அப்படியே ஆபீசுக்கு ஓடினேன். பணம் வாங்குபவர் நோட்டுகளைப் பிரித்தார், நிறுத்தினார், மூக்கருகே கொண்டுபோனார். "மாவினகாயி வாசனே," என்றார் கன்னடத்தில், மாங்காய் வாசம் என்று. பிறகு என் விரல்களைப் பார்த்தார். கருத்து, தோல் உரிந்து, நகக்கண்ணில் கறையோடு இருந்தன. நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் ரசீதில் முத்திரையை அழுத்தி வைத்து, ஈரம் காய ஊதிக் கொடுத்தார்.

அந்தத் தையில் பனி விழவில்லை. மரம் தாங்காத அளவுக்குப் பூத்துக் காய்த்தது என்று அப்பா எழுதினார். கிளைகளுக்கு முட்டுக் கொடுத்தார்களாம். நான் அந்தப் பூவையும் பார்க்கவில்லை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பில் தேறினேன்.

வியாபாரிக்கு விட்டதெல்லாம் வந்து மேலும் வந்தது. கணக்குத் தீர்ந்த அன்று அப்பா என்னிடம், "பி.ஏ.வுக்கு இன்னும் ரெண்டு பூ பேசட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறேன், சீக்கிரம் சம்பாதிக்கலாம் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அன்று நான் சொன்னது சரியா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இன்னொரு தடவை அந்தப் போஸ்ட் கார்டுகளுக்காகக் காத்திருக்க என்னால் முடியாது என்பதுதான் உள்ளே இருந்த காரணம். அதை அவரிடம் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து, நான் பெண்கள் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பாரூர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். ஏரிக்கரைக்குக் கீழே ஒரு தோப்பில் காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கையில் கழியோடு ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தது அக்கா. கணவருக்கு மூச்சுத் தொந்தரவு, அலைய முடிவதில்லை, அதனால் தோப்புகளை இப்போது தானே பேசி எடுப்பதாகச் சொன்னார். மூன்று தோப்புகள். அவரிடம் விலை பேசிவிட்டு விவசாயிகள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள் என்று ஒரு ஆள் சொல்லிச் சிரித்தார்.

"டீச்சரம்மா ஆயிட்டே," என்று என் கன்னத்தைத் தொட்டார். "உட்காரு. எங்க போற அவசரம்? சாயங்காலம் வண்டி போவுது, அதுல போலாம்."

உட்கார்ந்தேன். ஏரியிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கூடை கூடையாகக் காய் வந்து குவிந்தது. அக்கா பேசிக்கொண்டே தரம் பிரித்தார். எதைப் பற்றிப் பேசினார் என்று நினைவில்லை. எப்போது தூங்கினேன் என்றும் தெரியவில்லை. விழித்தபோது தலைக்கடியில் மடித்த சாக்கு இருந்தது, வெயில் ஏரிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது, வண்டிக்காரர் மாடு பூட்டிக்கொண்டிருந்தார்.